டீச்சருக்கு ஒரு கரப்பான்

ஜூன் 14, வெள்ளி

ஆசீர் இன்று எனக்குக் கரப்பான் வளர்க்கக் கற்றுக்கொடுத்தான். இருபத்தெட்டு வருஷமாக இந்த வீட்டில் கரப்பானைக் கண்டால் செருப்பைத் தேடுகிறவள் நான். முப்பத்தாறு வயதுக் கழுதை, என் உடன்பிறந்த தம்பி, முட்டை அட்டைக்குள் அதுகளைக் குடிவைத்து, கேரட் சீவிப் போடுவது எப்படி என்று எனக்குப் பாடம் எடுக்கிறான். பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுப்பவளுக்கு இது தேவைதான்.

கம்பெனிப் பயிற்சிக்காக மூன்று வாரம் ஹைதராபாத் போகிறான். அதுவரை பின்னறை என் பொறுப்பு. பின்னறையில் பதினொரு டாரன்டுலா. பேர் பெரிதாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம், உள்ளங்கை அகலத்துக்கு எட்டுக்கால் பூச்சி, அவ்வளவுதான். உடம்பெல்லாம் மயிர். பெங்களூரில் இதற்கென்று ஒரு கூட்டமே இருக்கிறதாம். ஒருவருக்கொருவர் குஞ்சு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள், சம்பந்தி வீடு போல.

ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடிப் பெட்டியில். கீழே தேங்காய் நார்த்தூள், ஒரு மரப்பட்டை, பாட்டில் மூடியில் தண்ணீர். தண்ணீர் வற்றக்கூடாது. மூடியைப் படக்கென்று திறக்கக்கூடாது. ஊதக்கூடாது. தீனிக் கரப்பானை நீண்ட இடுக்கியால் போட வேண்டும். எனக்கு ஒருநாளாவது இவ்வளவு கவனமாகக் காபி கலந்து தந்திருப்பானா?

ஜூன் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் கடைசிப் பாடம். எல்லாவற்றிலும் பெரியது மெக்சிகோ தேசத்துப் பெண். முழங்காலெல்லாம் ஆரஞ்சு நிறம். அதற்கு டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறான். எந்த டீச்சர் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றினான். ஆறாம் வகுப்பில் அவனுக்கு அறிவியல் எடுத்த சொர்ணம் டீச்சராக இருக்கும். அவர்களுக்கும் மீசை உண்டு.

டீச்சர் ரெண்டு மாதமாகச் சாப்பிடவில்லையாம். சட்டை உரிக்கப்போகிறதாம், அதனால் விரதமாம். "மத்ததுக்குப் போடுங்க. டீச்சருக்கு மட்டும் எதையும் உள்ள போட்டுராதீங்க. சட்டை உரிக்கையில அது உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும். கரப்பான் கிடந்தா அதக் கடிச்சுத் தின்னுரும்" என்றான். ராட்சசப் பூச்சியைக் கரப்பான் தின்னுமாம். இதையும் நம்ப ஆள் இருக்கிறது.

பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவன் திரும்பி வந்தான். தூத்துக்குடிச் சம்பந்தம் பற்றி. போதகர் ஐயரின் மனைவி, எங்கள் ஐயரம்மா, கொண்டுவந்த இடம். பெண் பெயர் லிடியா, ஸ்கேன் சென்டரில் வேலை, முப்பத்து நாலு வயது. அவர்கள் ஜூலையில் வீடு பார்க்க வருகிறார்கள். "பூச்சி விஷயத்த நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்க்கா. நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றான். நான் எதற்குச் சொல்லப்போகிறேன் என்றேன். அவன் ஆட்டோவில் ஏறும்வரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

ஜூன் 18, செவ்வாய்

பதினொன்றும் உயிரோடு இருக்கின்றன. கரப்பான்களும் அமோகம்.

ஜூன் 20, வியாழன்

டீச்சருக்குத் தண்ணீர் வைக்க மூடியைத் திறந்தேன். பின்னங்காலால் தன் பின்பக்கத்தைச் சரசரவென்று தேய்த்தது. என்ன அநாகரிகம் என்று நினைப்பதற்குள் கையெல்லாம் அரிப்பு. அதன் மயிர் காற்றில் பறந்து வந்து குத்துகிறது. யாரும் கிட்டே வரக்கூடாது என்றால் இப்படிச் செய்யுமாம். ஆசீர் இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். சொன்னான் போல, நான் கவனிக்கவில்லை. தேங்காய் எண்ணெய் தடவியும் கேட்கவில்லை. வகுப்பில் சொறிந்துகொண்டே திரிகோணமிதி நடத்தினேன்.

ஜூன் 23, ஞாயிறு

கோயிலில் ஐயரம்மா பிடித்துக்கொண்டாள். இந்தச் சம்பந்தமாவது முடியணும் பியூலா என்றாள். அந்த ‘ஆவது’ என்ன வார்த்தை? இதுவரை மூன்று இடம் வந்து போனதற்கு நானா பொறுப்பு? நாசரேத்துப் பெண் வந்தபோது வீட்டைச் சுற்றிக் காட்டினேன், பின்னறையும் வீட்டில்தானே இருக்கிறது. சாயர்புரத்தார் வந்தபோது மேசைமேல் கரப்பான் டப்பா இருந்தது, எடுத்து வைக்க மறந்துவிட்டேன். மூன்றாவது பெண்ணுக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை. அவளுடைய அம்மா போனில் கேட்டாள், இருப்பதைச் சொன்னேன். பொய் சொல்லிக் கல்யாணம் கட்டினால் நாளைக்கு யார் தலை உருளும்?

அம்மா செத்தபோது இவனுக்கு எட்டு வயது, எனக்கு இருபது. அப்போதிலிருந்து இவன் சட்டைக்குப் பொத்தான் தைத்தவள் நான். இவனுக்கு எது ஒத்துவரும் என்று ஐயரம்மாவுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?

ஜூன் 25, செவ்வாய்

டீச்சர் மூலையிலேயே கிடக்கிறது. பின்பக்கம் கறுத்துவிட்டது. தடவிப்பார்த்தால் எலும்பு தட்டும் போல இருக்கிறது, எலும்பே இல்லாத ஜென்மம் என்றாலும். ரெண்டு மாதம் பட்டினி போட்டு வளர்ப்பது என்ன வளர்ப்பு? இவனை நான் ஒரு வேளை பட்டினி போட்டதுண்டா? இருப்பதிலேயே கொழுத்த கரப்பானாகப் பார்த்து ஒன்றை உள்ளே போட்டேன். பரிதாபப்பட்டு அல்ல. செத்து வைத்தால் வீடு நாறும்.

சாயங்காலம் தூத்துக்குடிக்கு நானே போன் போட்டேன். சனிக்கிழமை காபி குடிக்க வாருங்கள், வீட்டையும் பார்த்த மாதிரி இருக்கும் என்றேன். மாப்பிள்ளை ஊரில் இல்லையே என்று அந்த அம்மாள் இழுத்தாள். மாப்பிள்ளை இல்லாவிட்டால் என்ன, சுவர் இருக்கிறதே என்றேன்.

ஆசீரிடம் சொல்லவில்லை. பயிற்சியில் இருக்கிறவனை எதற்குத் தொந்தரவு செய்வது?

ஜூன் 27, வியாழன்

டீச்சர் கரப்பானைத் தொடவே இல்லை. அது சொந்த வீடு போல உள்ளே உலாத்துகிறது. எடுக்கப் போனால் மறுபடி மயிரை வீசும். இருக்கட்டும். பசித்தால் தின்னும்.

ஜூன் 29, சனி

மூன்றரைக்கு வந்தார்கள், தாயும் மகளும். தாய்க்காரி உட்கார்ந்ததும் நேந்திரங்காய் வறுவலில் கை வைத்தவள் எடுக்கவே இல்லை. பெண் பரவாயில்லை. சிவப்பும் இல்லை, உயரமும் இல்லை, ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. கெட்டிக்காரிகள்தான் அப்படி இருப்பார்கள்.

வீட்டைப் பார்க்கலாமா என்று எழுந்தேன். தாய்க்காரிக்கு முழங்கால் வலியாம், வரவில்லை. அடுக்களை, மாடிப்படி, கிணறு எல்லாம் காட்டிவிட்டுக் கடைசியில் பின்னறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள், முகம் வெளிறித்தான் இருந்தது. ஆனால் கத்தவில்லை. சேலை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாக எண்ணுவது போலப் பார்த்தாள். பிறகு ஓரப் பெட்டியைக் காட்டி, இதுதான் டீச்சரா என்றாள். சொன்ன உடனே என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். இவளுக்கு எப்படிப் பேர் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் பெட்டிக்குள் பார்த்தேன்.

டீச்சர் மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே.

வாய்விட்டு ஆண்டவரே என்றுவிட்டேன். போய்த் தொலைந்தது, அவன் வந்து கேட்டால் என்ன சொல்வது என்றுதான். வேறொன்றும் இல்லை. "செத்துப் போச்சு. நில்லு, முறத்த எடுத்துட்டு வாரேன்" என்று மூடியைத் தூக்கினேன்.

"தொடாதீங்கக்கா. அது சாகல, சட்டை உரிக்குது" என்றாள் அவள். கிட்டே வரவில்லை, குரல் மட்டும் வந்தது. செத்த சிலந்தி காலை மடக்கிக் குப்புறக் கிடக்குமாம், சட்டை உரிப்பதுதான் மல்லாந்து படுக்குமாம். ஸ்கேன் எடுக்கிறவள் எனக்குச் சொல்கிறாள், இத்தனை நாள் தண்ணீர் வைத்தவளுக்கு. கீழே வெள்ளையாகப் பாய் போல வலை பின்னியிருந்ததை நானும் பார்த்தேன்தான். தூசி என்று நினைத்திருந்தேன்.

அடுத்ததாக அவள் கண்ணில் கரப்பான் பட்டது. டீச்சரின் கால் ஒன்றின்மேல் ஏறி நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. "அய்யய்யோ, கடிக்குது. இத யாரு உள்ள போட்டா?"

மூடி சரியில்லை, தானாகப் போயிருக்கும் என்றேன். மூடி கொஞ்சம் ஆட்டம்தான், பொய்யில்லை.

அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். தேடவில்லை, எண்களைத் தட்டவில்லை, ஒரே அமுக்கு. முதல் மணியிலேயே எடுத்தாயிற்று. பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஸ்பீக்கரில் போட்டாள். ஆசீரின் குரல் பின்னறை முழுக்கக் கேட்டது.

"சொல்லு லிடி. பின்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களா? நாந்தான் சொன்னேம்லா, அக்கா கண்டிப்பாக் காட்டுவாங்கன்னு. நீ பயந்த மாதிரிக் காட்டிக்கிடாத. அவுங்க அதத்தான் பாப்பாங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அக்கா பக்கத்துலதான் நிக்காங்க" என்றாள்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. பெட்டிக்குள் கரப்பான் இன்னொரு அடி எடுத்து வைத்தது. இந்த நேரத்தில் யார் யாரை லிடி என்று கூப்பிடுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்க முடியுமா?

"ஏலே, கரப்பான எப்படி எடுக்கணும்னு சொல்லு" என்றேன்.

சொன்னான். பெட்டியை ஆட்டக்கூடாது. மூச்சு படக்கூடாது. இடுக்கியைப் பக்கவாட்டில் கொண்டுபோக வேண்டும். டீச்சர்மேல் நுனிகூடப் படக்கூடாது, பட்டால் தோல் கிழிந்து செத்துவிடும். அவன் குரலில் ஒரே பதற்றம். கிலி பிடித்தவன் மாதிரிப் பூச்சிக்கு இந்தப் பாடு. லிடியா கடைசியில் கிட்டே வந்து டார்ச் அடித்தாள். கண்ணை மூடிக்கொண்டுதான் அடித்தாள், வெளிச்சம் பாதி நேரம் என் மூக்கில் விழுந்தது. ரெண்டு தடவை தப்பிய கரப்பானை மூன்றாம் தடவை பிடித்தேன். பிடித்த பிடியில் நசுங்கிவிட்டது. கடிபட்ட காலில் சொட்டுத் தண்ணீர் போல ஏதோ நின்றது. அது ரத்தமாம்.

பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அவன் போனிலேயே இருந்தான். டீச்சர் மார்புப் பக்கம் பிளந்து, பழைய காலுக்குள்ளிருந்து புதுக் காலை ஒவ்வொன்றாக உருவியது, இறுகின கையுறையைக் கழற்றுகிற மாதிரி. நிறுத்தி நிறுத்தி, பார்க்கிறவர்களுக்கு மூச்சு முட்டுகிற மாதிரி. ஏழு கால் வந்தன. கடிபட்டது பழைய சட்டையோடு போயிற்று. அடுத்த தடவை சட்டை உரிக்கும்போது திரும்ப முளைத்துவிடும் என்று லிடியா சொன்னாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தாய்க்காரி முன்னறையிலிருந்து காபி உண்டுமா என்று கேட்டாள்.

போகும்போது வாசலில் லிடியா என் கையைப் பிடித்தாள். பிடித்தால் விட்டுவிட வேண்டியதுதானே, பேசவும் செய்தாள். ஒரு வருஷமாகப் பேசிப் பழகுகிறார்களாம். ஐயரம்மாவைக் கொண்டு சம்பந்தம் போலப் பேசவைத்ததே இவர்கள்தானாம். "உங்ககிட்ட முதல்லயே சொன்னா இதுவும் நின்னுரும்னு அவங்களுக்குப் பயம்க்கா. தப்பா நினைக்காதீங்க."

நான் எதையும் நினைக்கவில்லை. கதவைச் சாத்தினேன்.

ஜூன் 30, ஞாயிறு

லிடியாம், லிடி.

ஜூலை 3, புதன்

தினமும் போன் செய்கிறாள். டீச்சர் எப்படி இருக்கு, தண்ணி வச்சீங்களா, அசையுதா. இருக்கு, வச்சேன், அசையுது என்கிறேன். ஆசீர் செய்வதில்லை. இருக்கிறாயா செத்தாயா என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமும் அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவியது யார்? ஸ்கேன் சென்டரா?

பதினொரு பெட்டிக்கும் தண்ணீர் மாற்றினேன். டீச்சர் புது நிறத்தில் இருக்கிறது. ஏழு காலை வைத்துக்கொண்டு என்ன மிடுக்கு.

ஜூலை 7, ஞாயிறு

வந்துவிட்டான். காபியை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனான். காபியில் ஆடை கட்டிய பிறகுதான் வெளியே வந்தான். காபியை எடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்தான்.

"மூடி நல்லாத்தான் இருக்குக்கா" என்றான்.

சரி, நான்தான் போட்டேன், பட்டினி கிடந்ததே என்று போட்டேன் என்றேன். அதற்கு அவன் கோபப்படவில்லை. அது தெரியும் என்பது போலத் தலையை ஆட்டினான். பிறகு சொன்னான்: "இந்தக் கல்யாணம் நடக்கணும்க்கா. இது நின்னா எனக்கு வேற கல்யாணம் கிடையாது. உங்களுக்குத் தெரியணும்னு சொல்லுதேன்." கல்யாணத்துக்குப் பிறகு தூத்துக்குடியில் வீடாம். பூச்சிகளையும் அங்கேயே கொண்டுபோகிறானாம். பின்னறையை நான் எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமாம். பெருந்தன்மை.

நானா தடுத்தேன் என்று கேட்டேன். ஒருமுறைதான் கேட்டேன். அவன் தம்ளரின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை.

ஜூலை 27, சனி

தூத்துக்குடியில் நிச்சயம். பிரியாணியில் உப்பில்லை. தாய்க்காரி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். பெண்ணுக்கு மோதிரம் கொஞ்சம் பெரிது. என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, பேச மட்டும் கூப்பிடவில்லை. ஐயரம்மா நான் எழுந்த பக்கமெல்லாம் கூடவே வந்தாள், கழிப்பறைக்குக்கூட.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

முதல் ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் பெயரை வாசித்து, இவர்களை இணைக்கத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஐயர் கேட்பார். எனக்கு நினைவு தெரிந்து ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. தெரிந்தவர்கள் எல்லாம் வெளியே வந்து வாசலில்தான் பேசுவார்கள். ஆசீர் பின்பக்கமாக உட்கார்ந்திருந்தான், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ரெண்டாம் ஓலை. மழை. டீச்சர் இன்று கரப்பான் சாப்பிட்டது. ஆசீர் கேட்டுக்கொண்டதால் நான் போட்டேன். அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 17, சனி

ஐயரம்மா வந்தாள். குசலம் விசாரித்தாள், மாவு புளித்ததா என்று கேட்டாள், ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தமில்லை. எழுந்து போகும்போது சொன்னாள்: "நாளைக்கு மூணாவது ஓலை பியூலா. உனக்கு மேலுக்குச் சுகமில்லன்னா வரண்டாம். ஆண்டவர் ஒண்ணும் நினைக்க மாட்டார்."

மேலுக்கு எனக்கு என்ன கேடு? பிரசவ வீட்டுக்கும் இழவு வீட்டுக்கும் போனாலும் ஞாயிறு ஆராதனையை நான் தவறவிட்டதில்லை. ஊருக்கே தெரியும். யார் சொல்லி வந்தாள் என்று நான் கேட்கவில்லை. ஆசீர் பின்னறையில்தான் இருந்தான், விளக்கு எரிந்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

போனேன். பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு, எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தேன். ஆசீர் இன்றைக்கு ஆண்கள் பக்கம் எனக்கு நேரே வரும்படி உட்கார்ந்திருந்தான்.

ஐயர் பெயர்களை வாசித்தார். மூன்றாம் முறையாகக் கேட்கிறேன் என்று சொல்லி, தடை தெரிந்தவர் உண்டானால் இப்போதே சொல்லலாம் என்று நிறுத்தினார். அந்த இடைவெளியில் சனங்கள் பையில் காணிக்கையைத் தேடுவார்கள், பிள்ளையின் தொடையைக் கிள்ளுவார்கள். இன்றும் தேடினார்கள், கிள்ளினார்கள்.

ஆசீர் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கெஞ்சியிருந்தால் சீ என்று இருந்திருப்பேன். அவன் பயந்திருந்தான். உதட்டில் ரத்தமே இல்லை. பெட்டிக்குள் வெறுங்கையை விட்டு அதுகளை ஏந்துகிறவன், நான் வளர்த்த பிள்ளை, கோயிலுக்குள் உட்கார்ந்துகொண்டு என்னைக் கண்டு பயந்தான். எனக்கு நெஞ்சு வலித்தது. அதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

காலையிலிருந்தே எனக்குத் தொண்டையில் இருமல். அந்த நேரம் பார்த்து அது ஏறி வந்தது. கைக்குட்டையை வாயில் அமுக்கிக்கொண்டேன். கண்ணில் நீர் வந்தது, மூச்சு முட்டியது. ஐயர் அடுத்த அறிவிப்புக்குப் போய், அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்வரை நான் இருமவில்லை.